ஆஸ்பத்திரி மடிப்பு

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் சலவை இயந்திரங்கள் ஓயாமல் உருண்டுகொண்டிருந்தன. உலர்ந்து வந்த விரிப்பை அவளும் எதிரே நின்ற பெண்ணும் ஆளுக்கு இரண்டு முனை பிடித்து உதறினார்கள். நீளவாக்கில் இரண்டு ஓரங்களையும் நடுவுக்குக் கொண்டுவந்து, அதன்மேல் இன்னொரு மடிப்பு. நோயாளியை ஒரு பக்கம் புரட்டிப் பாதியை அடியில் செருகி, மறுபக்கம் புரட்டி மீதியை இழுத்துவிட இதுதான் தோது. நோய் பரவ ஆரம்பித்ததிலிருந்து விரிப்புகள் மலையாய்க் குவிந்தன. முகமூடிக்குள் என்ன பேசினாலும் யாருக்கும் கேட்கவில்லை, அதனால் பேச்சையே விட்டுவிட்டார்கள்.

வேலை முடிந்ததும் ப்ளீச்சிங் வாடை போகக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். போகவா செய்கிறது, சனியன்! வழியில் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக்கொண்டாள். வீட்டுக்காரம்மாவைப் பொறுத்தவரை அவள் பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் போடுகிறவள். ஆஸ்பத்திரி என்று தெரிந்தால் மாடி அறையில் ஒரு ராத்திரிகூடத் தங்க விடமாட்டாள். பக்கத்துத் தெருவில் ஒரு நர்ஸின் பெட்டி படுக்கையை நடுரோட்டில் வைத்ததை ஊரே வேடிக்கை பார்த்தது. அதனால் வாரத்துக்கு ஒரு தடவை, காசு கொடுத்து வாங்கிய பாக்கெட்டை, "கம்பெனியில சும்மா குடுத்தாங்கம்மா" என்று நீட்ட வேண்டியிருந்தது. பொய்க்கும் செலவு இருக்கிறது.

அவள் புருஷனை ஓட்டலில் எல்லோரும் நுரை என்றுதான் கூப்பிடுவார்கள். தட்டு கழுவுகிறவன், முழங்கை வரை எந்நேரமும் நுரை. ஓட்டலை மூடியதும் நுரை அடங்கிப்போய் மூலையில் உட்கார்ந்துவிட்டான். சலவை ஒப்பந்தக்காரன் அவளுக்குப் பாதிச் சம்பளம்தான் தந்தான். அது வட்டிக்கும் வயிற்றுக்குமே போதவில்லை. வாடகை அப்படியே நின்றது.

அன்று அவன் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது.

"நிவாரண ஆபீஸ்லேர்ந்து கூப்பிட்டாங்க. நாளைக்குக் காலையில வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போடுவாங்களாம். நாம இங்கதான் குடியிருக்கோம்னு அவங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், பணம் வந்துரும்."

"சொல்லுவாங்களா?"

"வாடகை வருதுன்னா சொல்லாம இருப்பாங்களா? எதுக்கும் நீ போய்க் கொஞ்சம் தாஜா பண்ணி வை."

தூறல் விழுந்தது. வெளியே கொடியில் காய்ந்த துணிகளை வீட்டுக்காரம்மா அவசர அவசரமாக உருவிக்கொண்டிருந்தாள். இவள் ஓடிப்போய்க் கை கொடுத்தாள். கூரைத் தகரத்துக்கு அடியில் ஒதுங்கி, இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பெரிய போர்வையை உதறினார்கள். பச்சைக் கரை போட்ட புதுப் போர்வை.

"நாளைக்குப் போன் வருமாமே, உன் புருஷன் சொன்னான்" என்றாள் வீட்டுக்காரம்மா. "கேட்டா ஆமான்னு சொல்லிடறேன். நானும் மனுஷிதானே."

"ரொம்பப் புண்ணியமாப் போகும்மா."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு தோள் தளர்ந்தது. மனசு எங்கேயோ போய்விட, கை மட்டும் தன் பாட்டுக்கு வேலை செய்தது. இரண்டு ஓரங்களும் நடுவுக்கு வந்தன. அதன்மேல் இன்னொரு மடிப்பு. உள்ளங்கையால் ஒரு நீவு.

வீட்டுக்காரம்மா தன் பக்கத்து முனையை விட்டுவிட்டாள்.

"இந்த மடிப்பு நான் பார்த்திருக்கேன்" என்றாள். "ஆபரேஷன் முடிஞ்சு கிடந்தப்போ, என்னைப் புரட்டிப் போட்டு இப்படித்தான் விரிச்சாங்க."

"சும்மா மடிச்சேன்மா."

"உன் கையில வர்ற வாடை என்னடா வாடைன்னு பார்த்தேன். பிஸ்கட்டாம் பிஸ்கட்! உள்ள ஒருத்தர் மூச்சுவிட முடியாம இருக்கார்னு தெரியுமில்ல உனக்கு? அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா நீயா வந்து பார்ப்பே?"

சொல்லிக்கொண்டே படிவரைக்கும் பின்வாங்கிவிட்டாள். வீட்டுக்காரம்மாவின் புருஷனுக்கு இழுப்பு என்பது நிஜம்தான். ராத்திரியில் மாடிவரை கேட்கும்.

"நாளைக்கு விடிஞ்சதும் காலி பண்ணிடுங்க. அட்வான்ஸ் வாடகைக்கே சரியாப் போச்சு. ரூம் முழுக்க மருந்தடிச்சுட்டுத்தான் போகணும்."

மருந்தடிக்க ஆள் கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் வீட்டுக்காரம்மா படிக்கட்டில் கொண்டுவந்து வைத்த தெளிப்பானை நுரைதான் தோளில் மாட்டிக்கொண்டான். சாமான்களையெல்லாம் வெளியே எடுத்துவைத்துவிட்டு, தான் படுத்த இடத்திலும் அவள் சமைத்த இடத்திலும் தானே அடித்தான்.

அவள் படியில் இரண்டு அடி இறங்கி நின்று கெஞ்சினாள்.

"அம்மா, நாங்க போயிடறோம். அந்தப் போனுக்கு மட்டும் ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"கிட்ட வராதே, அங்கயே நில்லு."

போன் அடித்தது. வீட்டுக்காரம்மா கீழ்ப்படியில் நின்றபடியே எடுத்தாள்.

"ஆமாங்க, என் வீடுதான்... மாடியிலயா? அப்படி யாரும் இல்லீங்களே. ரூம் காலியாத்தான் கிடக்கு."

மேலே அறைக்குள் நுரை இருமினான். மருந்து நெடி தொண்டையை அடைக்க, விடாமல் இருமினான். வீட்டுக்காரம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

கண்ணெல்லாம் சிவந்து அவன் வெளியே வந்தான்.

"போன் வந்துச்சா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"என்ன சொன்னாங்க?"

"கிளம்பலாம் வாங்க."

பாத்திரங்களைக் கட்ட ஒன்றும் இல்லை. தகரத்துக்கு அடியில் அந்தப் போர்வை நேற்று வைத்த இடத்திலேயே கிடந்தது. தொட்டுவிட்டாளாம், இனி அது வேண்டாமாம். கிளம்பும்போது எடுத்துப் போகச் சொல்லிவிட்டிருந்தாள் வீட்டுக்காரம்மா. ஒரு கிழிசல் இல்லை. இப்படி ஒரு போர்வையை அவர்கள் வாங்கியதே இல்லை.

அவள் அதை உதறித் தரையில் விரித்தாள். அடுப்பு, குண்டான், தட்டு எல்லாவற்றையும் நடுவில் வைத்தாள். அவன் இரண்டு முனையைப் பிடித்தான், அவள் இரண்டு முனையைப் பிடித்தாள். இறுக்கி முடிச்சுப் போட்டார்கள்.

"உனக்கு எத்தனை மணிக்கு டூட்டி?" என்று கேட்டான் நுரை.

"ரெண்டு மணிக்கு."