மரகதத்தின் சடை

17-6-2024, திங்கள்.
நேற்று அம்மாவுக்குத் தலைக்கு ஊற்றியபின் சரியாக உலர்த்தவில்லை. கம்பெனி வண்டி வந்துவிட்டது என்று பாதியில் விட்டுப் போனேன். பின்தலையில் சில சடைகள் இன்னும் ஈரமாக இருக்கின்றன. என் தவறு. நாளைக் காலை முதல் வேலை அதுதான்.

டைரியில் எழுதிய அந்த வேலையைத்தான் செவ்வாய்க்கிழமை காலை பூஜா செய்துகொண்டிருந்தாள். அம்மாவின் தலையை மடியில் வைத்து, பழைய பனியன் துணியால் ஒவ்வொரு சடையாகப் பொத்திப் பிழிந்தாள்.

"இன்னும் ரெண்டுதாம்மா."

மரகதத்தின் கண்கள் எப்போதும்போல அவள் முகத்தில் இருந்தன. அடுத்த சடையை எடுத்துக்கொண்டு பூஜா குனிந்தபோதும் கண்கள் அங்கேயே இருந்தன. பார்வை மட்டும் இல்லை.

துணை சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து நாடி பார்த்து, உயிர் போய்விட்டது என்றார். மறுபடி ஸ்ட்ரோக் வந்திருக்கும் என்றார்.

"தலை ஈரமா இருந்ததால..."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

பூஜா இன்னொரு முறையும் கேட்டாள். நர்ஸ் அதே பதிலைச் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று வருடங்களுக்கு முன் பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து மரகதத்துக்குப் பேச்சில்லை. இடுப்புவரை தொங்கிய முடி தலையணையில் தேய்ந்து சிக்கானது. சீவினால் சத்தமில்லாமல் கண்ணீர் வழியும். வெட்டிவிடலாம் என்று சொன்னபோது, அசைகிற ஒரு கையால் முடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்பா எல்லப்பன் கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. தம்பி மோகனுக்கும் பூஜாவுக்கும் ஷிஃப்ட் மாறிமாறி வரும். பூஜாவுக்கு மாலையில் கணக்கு வகுப்பு வேறு. ஒருநாள் போனில் வெளிநாட்டுப் பெண் ஒருத்தி தன் முடியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ரப்பர் பேண்டு போட்டு, கயிறு கயிறாகத் திரிப்பதைப் பார்த்தாள். அதன்பிறகு சீப்பே தேவையில்லை என்றாள் அந்தப் பெண்.

பூஜா அப்படியே செய்தாள். வாரத்துக்கு ஒருமுறை பூந்திக்கொட்டைத் தண்ணீர். எண்ணெய் கிடையாது. பிழிந்து முழுக்க உலர்த்த வேண்டும். மாதம் ஒருமுறை கற்றாழைச் சாறு தொட்டு, வேரில் புதிதாக வளர்ந்த முடியை விரலால் உருட்டிவிட வேண்டும். அவ்வளவுதான். அம்மா அழுவது நின்றது.

எதிர்வீட்டு அன்னக்கிளி ஒருநாள் பார்த்துவிட்டு, "இன்னாய்யா இது?" என்று கேட்டபோது, எல்லப்பன், "வல்லக்கோட்டை முருகன் குடுத்தது" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஏன் சீவவில்லை என்று யாரும் கேட்கவில்லை. பூஜாவும் மறுக்கவில்லை. விளக்கிச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

வெயில் ஏறுவதற்குள் வாசலில் சாமியானா போட்டாகிவிட்டது. மறைமலை நகரிலிருந்து அம்சவல்லி அத்தை மஞ்சளும் பூவும் சீப்புமாக வந்தாள். பூவும் பொட்டுமாகப் போகிறவள் என்று அழுதுகொண்டே தலைமாட்டில் உட்கார்ந்து சீப்பை வைத்தாள்.

"இன்னாடி இது? சீப்பு எறங்கவே மாட்டேங்குது."

"கைய எடு அம்சா," என்றாள் அன்னக்கிளி. "அது சாமி சடை."

"சாமியா? எங்கண்ணன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல!"

எல்லப்பன் சாமியானா கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறந்த வீட்டுக் கோடிப் புடவையோடு வந்த கோபால் மாமா, அக்காவின் கால்மாட்டில் விழுந்து கும்பிட்டார். எழுந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"சடை விழுந்தவங்கள எரிக்கக் கூடாது. உக்கார வெச்சித்தான் பொதைக்கணும். எங்க பெரியப்பாவ அப்படித்தான் வெச்சோம். மோகனு, ஜேசிபிக்காரனுக்குப் போன் போடு. குழி ஆழமா வோணும்."

மோகன் போனை எடுத்துக்கொண்டு வந்து பூஜாவின் பக்கத்தில் நின்றான். "மாமா சொல்றாரே..."

"அம்மா உக்காருமாடா?"

டாக்டர் சொன்னாரென்று முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தும்போதெல்லாம் அம்மா பூஜாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். பிடித்த இடத்தில் நகம் பதிந்திருக்கும். அதை மோகனும் பார்த்திருக்கிறான்.

யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள். கோபால் மாமா அம்மாவின் வலது காலை மடக்கப் பார்த்தார். மூன்று வருடமாக மடங்காத கால். முட்டியில் கை வைத்து அழுத்தினார்.

"கொஞ்சம் சூடு தண்ணி ஊத்தினா எளகும்," என்றார் ஒருவர்.

இப்போது சும்மா இருந்துவிட்டால் ஊர் கையெடுத்துக் கும்பிடும் என்பது பூஜாவுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தால் என்ன பேச்சு வரும் என்பதும் தெரிந்தது. தான் நினைப்பது சரிதானா என்றுகூட ஒரு கணம் சந்தேகமாக இருந்தது. மாமாவின் கை மறுபடி அழுத்தியது.

"வுடு மாமா. சாமி குடுக்கல. நான் போட்டது."

"இன்னா போட்டது?"

"சடை. நான்தான் திரிச்சேன். சீவுனா அழுதுச்சி. தெனம் ஒக்காந்து பொறுமையா சிக்கெடுக்க எனக்கு நேரமில்ல."

அத்தை சீப்பைக் கீழே போட்டாள். "பெத்தவளுக்குத் தல வார நேரமில்லையாம்! கிளாசுக்குப் போவ மட்டும் நேரம் கீதாடி?"

"ஆமா அத்த."

"எம் பேத்தி காய்ச்சலுக்கு இந்தச் சடையத் தொட்டுத்தான் துன்னூறு வெச்சேன்," என்ற அன்னக்கிளி, முந்தானையை உதறிக்கொண்டு போய்ச் சாமியானாவுக்கு வெளியே வெயிலில் நின்றாள்.

கோபால் மாமா எல்லப்பனைப் பார்த்தார். "மாமா, நீ சொல்லு. சாமி குடுத்ததுன்னு ஊரெல்லாம் சொன்னது நீதான?"

எல்லப்பன் தொண்டையைச் செருமினார். மகளைப் பார்க்கவில்லை.

"ரப்பர் பேண்டு வாங்கியாந்தது நான்தான் கோபாலு."

ஊர் மேட்டுக்கு அப்பால் வல்லம் வடகால் கம்பெனிகள் பக்கம் ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் வந்தது. கோபால் மாமா முட்டியிலிருந்து கையை எடுத்தார். விலகியிருந்த புடவையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டார்.

"நாற்காலிய எடுத்துனு போங்கடா."

அத்தைக்கு ஆறவில்லை. "அப்ப கத்திரிக்கோல் குடு. இந்தக் கோலத்துலயா அனுப்புறது?"

"வாணாம் அத்த. இதுலயே பூ நிக்கும். வெச்சித் தரேன்."

பூஜா சடைகளை இரண்டு பக்கமும் பிரித்துவிட்டு, கனகாம்பரச் சரத்தை ஒவ்வொன்றுக்கும் ஊடே கோத்து வந்தாள். கொண்டை ஊசி வேண்டியிருக்கவில்லை. பின்பக்கம் கோக்கத் தலையைத் தூக்க வேண்டியிருந்தது. ஒரு கையால் முடியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த அத்தை, இரண்டு கையையும் கொடுத்து அண்ணியின் தலையை ஏந்திக்கொண்டாள்.

மரகதத்தைப் படுத்தவாக்கிலேயே கொண்டுபோனார்கள். பெண்கள் தெருமுனைவரை போய்த் திரும்பினார்கள்.

மோகன் மொட்டைத் தலையோடு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். அசதியில் அத்தை கட்டிலில் போய் உட்கார்ந்தாள். படுக்கைப்புண் வராமலிருக்க வாடகைக்கு எடுத்த தண்ணீர் மெத்தை அவளை ஒரு பக்கம் சாய்த்தது. அத்தை சட்டென்று எழுந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள். மெத்தை இன்னும் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தது.

18-6-2024, செவ்வாய்.
நாளைக் காலை மோகன் பால் ஊற்றப் போவான். அவன் போனதும் மெத்தையின் மூடியைத் திறந்து தண்ணீரை வெளியே விட வேண்டும். கவிழ்த்துப் போட்டுக் காயவைத்து, மடித்து, கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.