ஐஸ்பெட்டிகள் காய்ந்த நாள்

மார்லிஸ் ஐஸ்பெட்டியின் மூடியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, ஜன்னலுக்குள்ளிருந்து அப்பாவின் விரல் உயர்ந்தது. மூடியின் உட்பக்கத்தையும் தேய்க்கச் சொல்கிறார். செவிலிப் பெண் அவருடைய கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்து ஜன்னலோரமாகப் போட்டதிலிருந்து, வாசலில் நடக்கும் எதுவும் அவர் கண்ணுக்குத் தப்புவதில்லை. இரண்டு நாளாகக் கஞ்சிகூட இறங்காத மனிதருக்கு இந்த ஐஸ்பெட்டிகள் எதற்கு என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் சமையல் சோடாவை இன்னொரு பிடி தூவி மூடியின் உட்பக்கத்தையும் தேய்த்தாள்.

வேட்டைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஒவ்வொரு அக்டோபரிலும் அப்பா ஹார்லன் பிரெக்கி மினசோட்டாவிலிருந்து பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு, வடக்கு டகோட்டாவைக் குறுக்காகக் கடந்து, மொன்டானா மலைக்கு எல்க் மான் வேட்டைக்குப் போவார். இரண்டு நாள் பயணம். கூடவே பக்கத்துப் பண்ணை எல்டன். மார்லிஸ் பதினான்கு வயதிலிருந்து அவர்களோடு போகிறாள். நகரத்தில் வேலை கிடைத்து, லீவு என்பது கையேந்தி வாங்குகிற பொருளாக ஆனபிறகு, அவள் மட்டும் விமானத்தில் பறந்து, மொன்டானாவில் மலைக்குப் பக்கத்து ஊரான போஸ்மனில் இறங்குவாள். கிழவர்கள் இருவரும் வண்டியோடு வந்து அவளைக் கூட்டிக்கொள்வார்கள்.

அப்பாவையும் பறக்கவைக்க அவள் பார்க்காத வழியில்லை. முழங்கால் வலிக்கு விமானம்தான் நல்லது என்றாள். துப்பாக்கியைப் பூட்டுப்போட்ட பெட்டியில் வைத்தால் வாங்கிக்கொள்வார்கள் என்றாள். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"மான் விழுந்துச்சுன்னா கறிய எப்படிக் கொண்டு வருவ? மடியில வெச்சுக்கிட்டா?"

அவர்கள் கடைசியாக ஒரு மானை வீழ்த்தி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. அந்த இரண்டு பெரிய ஐஸ்பெட்டிகளிலும் பத்திரமாக ஊர் திரும்பியதெல்லாம் அழுக்குத் துணிகள்தான்.

பெட்டிகளைக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அப்பாவின் முகம் தலையணைக்குள் சின்னதாகிப் போயிருந்தது.

"ரெண்டும் ஆச்சா?"

"ஆச்சுப்பா."

"நீ எப்படிப் போற?"

அவர் வராத வேட்டைக்கு அவள் போவதா வேண்டாமா என்றே இருவரும் பேசியிருக்கவில்லை. கேள்வி அதைத் தாண்டிக் குதித்துவிட்டது. அவளும் அதே இடத்தில் நின்று பதில் சொன்னாள்.

"பிளேன்லதான்ப்பா. டிக்கெட் அப்பவே போட்டுட்டேன்."

"ம்." அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு, "எல்டன கொஞ்சம்..." என்று தொடங்கி, மூச்சு வாங்கி, அப்படியே நிறுத்திவிட்டார்.

அவரைக் கூப்பிடச் சொல்கிறார் என்று நினைத்து மார்லிஸ் தொலைபேசியில் அழைத்தாள். எல்டன் சாலையோரமாக நடந்தே வந்தார். வீட்டுவாசலில் இருக்கும் தபால்பெட்டிக்குக்கூட வண்டியில் போகிறவர் என்று ஊரே கேலி செய்த ஆள். துக்கத்தில் நடக்கத் தோன்றியிருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கட்டிலின் விளிம்பைத் தடவி, நண்பனின் கையைப் பிடித்துக்கொண்டார். சோளம் எப்போது அறுப்பாய் என்று கேட்டார். சாயங்காலத்துக்குள் ஹார்லன் இறந்துவிட்டார். ஐஸ்பெட்டிகள் வெளியே நன்றாகக் காய்ந்திருந்தன.

அடக்கத்தன்று அவைதான் உதவின. ஒன்றில் பனிக்கட்டி, இன்னொன்றில் தேவாலயத்து விருந்துக்கான சாலட் கிண்ணங்கள். இரண்டையும் அப்பாவின் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு மார்லிஸ் கிளம்பினாள். வண்டியின் கடிகாரத்தைப் பார்த்தாள். நேரம் நிறைய இருந்தது. அதனால் ஏரிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனாள்.

முன்னால் மூன்று பேர் உட்காரும் ஒரே நீள இருக்கை. எத்தனை வண்டி மாற்றினாலும் இந்த இருக்கையை மட்டும் அவர் மாற்றவில்லை. வேட்டைக்குப் போகும்போதெல்லாம் நடு இடம் அவளுடையது. முழங்கால்களுக்கு நடுவில் காப்பி பிளாஸ்க், இந்தப் பக்கம் அப்பாவின் புகையிலை வாசனை, அந்தப் பக்கம் எல்டன் மாமா கடித்துத் துப்பும் சூரியகாந்தி விதைத் தோல். அறுத்து முடித்த வயல்கள், மேலே வாத்துக் கூட்டம், வானொலியில் தானிய விலை. பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. எல்லாம் வடக்கு டகோட்டாவின் மேற்குக் கோடியில் அந்தப் பச்சைப் பலகை வரும்வரைதான். மலைநேரம் இங்கே தொடங்குகிறது என்று அதில் எழுதியிருக்கும்; அதற்கு மேற்கே கடிகாரமெல்லாம் ஊர் நேரத்துக்கு ஒரு மணி பின்னால். அங்கே எல்டன் மாமா கையை நீட்டி வண்டியின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார். சும்மா கிடைத்த அந்த ஒரு மணியை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்று ஆளுக்கொருவர் சொல்லியாக வேண்டும். அது சட்டம். எல்டன் மாமா எப்போதும் தூங்கப்போவதாகச் சொல்வார். அவள் ஒருமுறை வீட்டுப்பாடம் எழுதப்போவதாகப் பொய் சொல்லி இருவரையும் சிரிக்கவைத்தாள். அப்பா மட்டும் "நான் அப்புறம் சொல்றேன்" என்பார். ஊர் திரும்பும்போது அதே பலகைக்கு அருகில் அப்பா கடிகாரத்தை முன்னால் திருப்புவார். வாங்கியதைக் கொடுத்தாயிற்று.

விமானத்தில் போகும்போதும் அந்த ஒரு மணி கிடைக்கத்தான் செய்தது. அவள் கவனித்ததில்லை.

தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்குள் ஐஸ்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நுழைந்தபோது, காப்பி வடிந்து, மேசைகளெல்லாம் விரித்தாகியிருந்தது. இடுப்பில் சமையல் துணி கட்டி விருந்து வேலையைக் கவனித்துக்கொண்டிருந்த பெவர்லி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்கப்பாவே வந்துட்டாரு. நீதான் பாக்கி" என்றாள்.

மார்லிஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். முழுதாக ஒரு மணி நேரம் தாமதம். வண்டிக் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது. கடைசிக் காலத்தில் அதுகூடத் தெரியாமல் ஓட்டியிருக்கிறார். அப்பா அந்த அளவுக்குத் தளர்ந்துபோயிருந்தாரா என்று நினைத்ததும், அதுவரை வராத அழுகை வந்தது; ஐஸ்பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆராதனையில் எல்டன் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் பாட்டுப் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினார்கள். அவர் திருப்பவில்லை. மூன்று பாட்டும் ஒரே பக்கத்தில்தான் பாடினார். பிறகு கீழ்த்தளத்தில், உருளைக்கிழங்கும் கறியும் சேர்த்துச் சுட்ட உணவுத் தட்டோடு அவள் அவரெதிரில் போய் உட்கார்ந்தபோது, அவர் காப்பியைக் கோப்பைக்குப் பக்கத்தில் மேசைவிரிப்பின்மேல் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அவள் குடுவையை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"எவ்ளோ நாளா மாமா?"

எல்டன் முதலில் எதைக் கேட்கிறாய் என்பதுபோல் பார்த்தார். பிறகு அந்த நடிப்பை விட்டுவிட்டார்.

"ரெண்டு வருஷமாச்சு. நேரா பாத்தா நடுவுல ஒண்ணும் தெரியாது. ஓரமா பாத்தா தெரியும். இப்ப உன் காது தெரியுது."

"அப்ப வேட்டையில?"

"நான் எங்க சுட்டேன்? ரொட்டி சுட்டேன்." அவர் சிரித்தார். "ஓரமா பாத்தா மலை நல்லாவே தெரியும்மா."

அவளுக்கு அந்த இரண்டு வருடமும் நினைவுக்கு வந்தது. விமான நிலைய வாசலில் வண்டியோடு நின்ற அப்பாவின் சிவந்த கண்கள். குளிர் என்று சொன்னார். அவள் நம்பினாள்.

"வண்டிய யாரு ஓட்டுனது?"

"உங்கப்பாதான். போக, வர, முழுக்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

எல்டன் கோப்பையைக் கையால் தேடிப் பிடித்தார். "சொன்னா நீ லீவு எழுதிப்போட்டுட்டு வந்து நிப்ப. வேணாம்னுட்டான்."

மார்லிஸ் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது பேச வேண்டுமே என்று, வண்டிக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் இருப்பதையும், அதை நம்பி மானம் போனதையும் சொன்னாள்.

"அது கெட்டுப்போகல" என்றார் எல்டன். "போன வருஷம் திரும்பி வர்றப்ப பலக வந்துச்சு. அவன் கடிகாரத்துல கைய வெக்கல. என்னடா, மறந்துட்டியான்னு கேட்டேன். இருக்கட்டும்டா, இந்தத் தடவ குடுக்க வேணாம்னான். அப்பவே டாக்டருகிட்ட போயிட்டு வந்திருக்கான். எனக்கு அது பொறவுதான் தெரியும்."

அவர் காப்பியை ஒரு வாய் குடித்தார். இந்த வருடம் தான் போகப்போவதில்லை என்றும், அவள் விமானத்தில் போய்விட்டு வந்து மலையில் பனி விழுந்ததா என்று சொன்னால் போதும் என்றும் சொன்னார். அவரையும் ஒரு டிக்கெட் போட்டுக் கூட்டிப்போக முடியாதா என்று அவள் கேட்டதற்கு மறுப்பாகத் தலையை ஆட்டினார். வானத்தில் ஏறுவது ஒரே ஒரு தடவைதான், அதற்கு டிக்கெட் தேவையில்லை என்றார்.

மேசைவிரிப்பில் சிந்திய காப்பியைக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தாள்.

அக்டோபர் மாதம் ஒரு காலையில் எல்டனின் வாசலில் ஹார்லனின் பிக்கப் வந்து நின்று இரண்டு முறை ஹாரன் அடித்தது. வழக்கமாக அடிப்பதும் அப்படித்தான். கதவு உடனே திறந்தது. தான் போகப்போவதில்லை என்று சொன்ன மனிதர் ஆரஞ்சுத் தொப்பியும் சூரியகாந்தி விதைப் பையுமாக வெளியே வந்தார். வண்டியின் பின்புறத்தை ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு ஐஸ்பெட்டிகளையும் கையால் தடவிப் பார்த்தார்.

"டிக்கெட் போட்டிருந்தியே?"

"மான் விழுந்துச்சுன்னா கறிய மடியில வெச்சா கொண்டு வர முடியும்?"

எல்டன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஜன்னலோரம் ஏறி உட்கார்ந்தார். நடு இடத்தில் காப்பி பிளாஸ்க்கை வைத்து, அது சாயாமல் இருக்க அப்பாவின் பழைய சட்டையை மார்லிஸ் சுற்றிலும் அண்டக் கொடுத்தாள். கண்ணாடியில் பனிப்பூச்சு உருகி வழிந்துகொண்டிருந்தது.

"மணி என்னாச்சும்மா?"

அவள் கைக்கடிகாரத்தில் எட்டு. அவள் வண்டியின் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஏழு, மாமா."

"அப்ப நேரமிருக்கு" என்று சொல்லி, எல்டன் விதைப் பையைப் பிரித்து அவள் பக்கமாக நீட்டினார். அவள் ஒரு பிடி எடுத்துக்கொண்டு வண்டியை நகர்த்தினாள்.