நண்டு பிடித்தவர்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. மாதம் இரண்டு ஞாயிறு அதன் மாடியில் மூன்று பேர் கூடுவார்கள். மூவருக்கும் ஒரே பிழைப்பு: சாப்பாட்டைப் பற்றி வாராவாரம் எழுதி, சந்தா கட்டியவர்களுக்கு மின்மடலாக அனுப்புவது. "மூணு பேருக்கு ஒரு சங்கமா?" என்று கீழே கடைக்காரர் கேலி செய்வார். செய்யட்டும். தனியாக உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்குத்தான் தெரியும், இரண்டு முகங்களைப் பார்த்துவிட்டுப் போனால் அடுத்த மடலுக்கு எவ்வளவு தெம்பு வரும் என்று.

சங்கத்துக்கு ஒரே சட்டம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் எழுதியபடியே சமைத்துப் பார்க்க வேண்டும், போன் போட்டுச் சந்தேகம் கேட்கக் கூடாது. சமைத்தவர் சரி என்றால், அவரே அனுப்பும் பொத்தானை அழுத்துவார். மடலின் அடியில் 'சமைத்துப் பார்த்தவர்' என்று அவர் பெயர் போகும். சட்டத்தைக் கொண்டுவந்தவர் கல்வராயன் மலையிலிருந்து பஸ் ஏறி வரும் வேடியப்பன். அதில் முதலில் மாட்டியவரும் அவரேதான். சாமைப் பொங்கலுக்குத் தண்ணீர் அளவை எழுத மறந்துவிட்டார். சமைத்த ஜெயசுதா அடிப்பிடித்த பாத்திரத்தை ஒரு நாள் முழுக்கச் சுரண்டினாள்.

இந்தத் தடவை மூன்றாமவள் இசைவாணியின் மடல், வயல் நண்டு ரசம்; சமைக்கும் முறை ஜெயசுதாவுடையது. 'நம்ம வயல் வரப்பில் நண்டு பிடித்து' என்று ஆரம்பித்திருந்தாள். இரண்டு வருடமாக அந்த 'நம்ம வயல்' அவள் மடல்களில் நன்றாகவே விளைந்துகொண்டிருந்தது. நம்ம வயல் கீரை, நம்ம வயல் அவரை. உண்மையில் அவள் குடும்பத்துக்கு ஒரு பூந்தொட்டி அளவு மண்கூடச் சொந்தமில்லை. அம்மா செவ்வந்தி கூலி ஆட்களோடு ஆட்டோவில் ஏறி, எந்த ஊரில் நடவோ அந்த ஊருக்குப் போவாள். முதல் மடலில் ஏதோ கூச்சத்தில் எழுதிய வார்த்தை அது. வாசகர்கள் அதைக் கொண்டாடிவிட்டார்கள். பிறகு திருத்தத் துணிச்சல் வரவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா சேற்றுக் காலோடு வந்து நின்றாள்.

"இன்னிக்கி வடக்கனந்தல்ல நடவு. கழனிக்கார அம்மாவே வந்து வரப்புல குந்திக்கினு பொந்துல கைய வுடுது. நண்டு வெரலக் கவ்விக்கினு வுடல, அது கத்துது. நாந்தான் எடுத்துவுட்டு, பத்து நண்டு புடிச்சிக் குடுத்தேன். பேரு ஜெயசுதாவாம். இசைவாணி எழுதுனதப் படிச்சிட்டு வந்தேன்னுது. அது எம் பொண்ணுதாம்மான்னு சொன்னேன். அப்டியே என் மூஞ்சியப் பாத்துக்கினு நின்னுது."

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. 'நம்ம வயல்' பொய் ஜெயசுதாவுக்குத் தெரிந்துவிட்டதே என்று மகளுக்குப் பயம்.

ஞாயிற்றுக்கிழமை சங்கராபுரத்தில் பஸ் ஏறும்போதே இசைவாணி முடிவு செய்துவிட்டாள். உண்மையைச் சொல்லிவிட்டு மடலை நிறுத்திவிட வேண்டும். சந்தாக்காரர்கள் போனால் போகட்டும். ஆனால் அந்த இரண்டு பேரும் இனி பக்கத்தில் உட்காரவிடுவார்களா என்று நினைத்தபோது வழியெல்லாம் அழுகை முட்டியது.

மாடியில் ஜெயசுதா வேடியப்பனோடு முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தாள். வலது ஆள்காட்டி விரலில் கட்டு, பக்கத்தில் ஒரு தூக்குவாளி.

"எங்களுக்குக் கழனியே கெடையாதுக்கா," என்றாள் இசைவாணி, உட்காராமலே. "நான் எழுதுனது பொய். இதோட நிறுத்திக்கிறேன்."

ஜெயசுதா தூக்குவாளியைத் திறந்து மூன்று டம்ளரில் ரசம் ஊற்றினாள். "மொதல்ல குடி."

அசல் அம்மா கைப்பக்குவம். மிளகுக் காரம் மூக்கில் ஏறியது.

"ரசம் சரியா வந்துச்சு. மடல்தான் தேறல," என்றாள் ஜெயசுதா. "உம்மேல கோவம்தான் வாணி. ரெண்டு வருசம் எதிர்ல குந்திக்கினு ஒரு வார்த்த சொல்லலியே. அப்புறம் எம்மேலயே கோவம். எங்க கழனில யாரு நடறாங்கன்னு எனக்கே தெரியல பாரு. அது கெடக்கட்டும், சட்டப்படி பேசறேன். எனக்கு சொந்தக் கழனி இருக்குது, வரப்பு இருக்குது. நீ எழுதுனபடியே செஞ்சேன், வெரல்தான் போச்சு. உங்கம்மா இருந்ததாலதான் ரசம். அவங்கள வுட்டுட்டு எழுதுனா யாராலயும் இத செய்ய முடியாது. திருத்திக் குடு."

"நான் தண்ணிய மறந்தேன், நீ அம்மாவ மறந்துட்ட," என்றார் வேடியப்பன். "என்னை என்ன வெளியவா அனுப்பிட்டீங்க?"

"படிக்கிறவங்க எல்லாம் போய்ட்டா?"

"அடுத்த கூட்டத்துக்கு நாங்க ரெண்டு பேரும் வருவோம். டம்ளரை நீட்டு," என்றார் வேடியப்பன்.

இசைவாணி அழுதுகொண்டே குடித்தாள். பிறகு பள்ளியில் கொடுத்த பழைய லேப்டாப்பைத் திறந்து முதல் வரியை மாற்றினாள். 'எங்களுக்கு வயல் கிடையாது. இருப்பதாக இதுவரை எழுதியது பொய், மன்னியுங்கள். ஆனால் எந்தப் பொந்தில் நண்டு, எந்தப் பொந்தில் பாம்பு என்று என் அம்மாவுக்குத் தெரியும்.' மடலின் அடியில், ஜெயசுதாவின் பெயருக்கு மேலே, ஒரு வரி புதிதாகச் சேர்த்தாள்: 'நண்டு பிடித்தவர்: செவ்வந்தி.'

அம்மாவுக்குப் போன் போட்டு, எல்லாரும் கேட்கும்படி வைத்து, முழுக்கப் படித்துக் காட்டினாள். 

"எம் பேரா போடற?" என்றாள் செவ்வந்தி. "அந்தக் கழனிக்காரங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

ஜெயசுதா தலைகுனிந்து கட்டுப் போட்ட விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் சொல்ல மாட்டாங்கம்மா," என்று அவளே போனில் சொல்லிவிட்டு, இடது கையால் பொத்தானை அழுத்தினாள்.