நாற்பத்து மூன்றாவது கேள்வி

குடும்பப் பதிவு அலுவலகத்தின் மூன்றாம் எண் ஜன்னலில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்து எழுந்தவள் பீஹுய். ஜியாயி நகரத்தில் பிறந்தவர், கட்டிக்கொண்டவர், அறுத்துக்கொண்டவர், செத்தவரின் பிள்ளைகள், எல்லாரும் அந்த ஜன்னலுக்கு முன்னால் ஒரு தடவையாவது குனிந்தவர்கள்தான். கையெழுத்துக்குப் பதிலாக அவரவர் பெயர் முத்திரையைச் சிவப்பு மையில் வைக்கிற ஊர் அது. குனிந்தவர்களிடம் அவள் சொன்னது பெரும்பாலும் ஒரே வாக்கியம்: "முத்திரை மங்கலா இருக்கு. போய்ட்டு நாளைக்கு வாங்க."

ஓய்வு பெற்ற பிறகு திருப்பி அனுப்ப ஆள் இல்லாமல் போய்விட்டது. நாலாவது மாடி வீட்டில் ஒண்டியாக உட்கார்ந்து, வந்த மின்சார ரசீதையே மூன்று தடவை சரிபார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கோங் ரெய்லிங் நாயைக் கொண்டுவந்தாள்.

கோங் ரெய்லிங், நாற்கால் கருணைச் சங்கத்தின் தலைவி. சங்கத்தில் மொத்தம் மூன்று பேர். ஒருத்தி தலைவி, இன்னொருத்தி துணைத் தலைவி, மூன்றாமவர் செயலாளர். மூன்று பேருக்கும் பொன்னெழுத்தில் பெயரட்டை உண்டு. வெறும் உறுப்பினர் என்று யாரும் இல்லாததால் சங்கத்தில் சண்டையும் இல்லை.

"ஸ்கூட்டர்காரன் இடிச்சிட்டு நிக்காம போயிட்டான், அக்கா. பின்னங்கால் தொடை எலும்பு ரெண்டா போச்சு. தகடு வெச்சு தச்சிருக்கு. மலைமேல கொட்டகையில போட்டா மத்த நாய்ங்க பிச்சிடும். மூணு மாசம், காலு கூடுற வரைக்கும். நீங்க நடுவழி வீடு மட்டும்தான்."

"நடுவழின்னா நடுவழிதான்" என்றாள் பீஹுய். "எனக்கு நாய்மேல எல்லாம் ஒட்டுதல் கிடையாது."

கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் கூம்பு, பாதி மழித்த பின்பக்கம், சுருங்கிப்போன பழுப்பு முகம். உப்பில் போட்டு வெயிலில் உலர்த்திய முள்ளங்கி மாதிரியே இருந்தது. அந்த முள்ளங்கிக்கு அந்தப் பக்கத்தில் சாய்போ என்று பெயர். நாய்க்கும் அதுவே பெயராயிற்று.

பதினெட்டு கிலோ நாய். லிஃப்ட் இல்லாத நாலு மாடி. காலையும் மாலையும் பீஹுய் அதைக் கைக்குழந்தை போல அணைத்து இறக்கி, அடிவயிற்றில் துண்டைக் கோத்துப் பின்பாதியைத் தூக்கிப் பிடித்து, முன்னங்கால் இரண்டால் மட்டும் நடக்கவிட்டாள். மாத்திரையைச் சர்க்கரைவள்ளிக்கிழங்குக்குள் புதைத்துக் கொடுத்தாள். சாய்போ கிழங்கை விழுங்கிவிட்டு மாத்திரையை மட்டும் அவள் செருப்புக்குள் துப்பியது. எல்லாவற்றையும் அவள் ஒரு நோட்டில் எழுதி, பக்கத்துக்குப் பக்கம் தேதி முத்திரை குத்தினாள். "சிறுநீர் இரண்டு முறை. முதலாவது சுமார். இரண்டாவது திருப்திகரம்."

ஐம்பத்தோராம் நாள் சாயங்காலம், குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு தெருமுனையில் திரும்பியது. தெருவே பையும் கையுமாக நின்றது. கீழ்த்தளத்தில் முட்டை ரொட்டிக் கடை வைத்திருக்கும் ஷியூஜின் தன் பையைத் தரையில் வைத்தாள். அதில் வான்கோழிச் சோற்றின் மிச்ச எலும்பு. சாய்போ துண்டை மறந்தது, தகட்டை மறந்தது, நாலு காலையும் ஊன்றி நேராகப் பைக்குள் தலையை விட்டது. மருத்துவரும் கருணையும் ஐம்பது நாள் பாடுபட்டுச் செய்ய முடியாததை ஒரு வான்கோழிக் கழுத்து செய்தது.

"அக்கா, உங்க ஆளு நடக்கறாரு" என்றாள் ஷியூஜின். "அழுவறீங்களா என்ன?"

"வண்டிப் புகை."

"வண்டி இன்னும் அங்கதானே நிக்குது."

கால் கூடிவிட்டால் அடுத்தது தத்து. சங்கத்தின் விண்ணப்பப் படிவம் அரைப் பக்கம், பன்னிரண்டு கேள்வி. பீஹுய் அதைப் பார்த்ததும் பல்லைக் கடித்தாள். ஒரு உயிரை ஒப்படைக்கப் பன்னிரண்டு கேள்வியா? ஒரு குடும்பத்திலிருந்து இன்னொரு குடும்பத்துக்கு ஆள் மாற்றவே அவள் காலத்தில் பதினெட்டு இருந்தது. கேள்விகளைத் தானே கூட்டி எழுத ஆரம்பித்தாள். கோங் ரெய்லிங்கும் சங்கத்துக்குக் கனம் கூடட்டுமென்று தலையாட்டினாள்.

முதலில் வந்தவர் 'காரணம்' என்ற இடத்தில் 'வீட்டுக் காவல்' என்று எழுதியிருந்தார். நாய் வேலைக்காரன் அல்ல என்று திருப்பி அனுப்பினாள். புதுக் கல்யாண ஜோடி ஒன்று வந்தது. குழந்தை பிறந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பார்த்ததே தப்பு. இன்னொருத்தி பென்சிலால் எழுதிக்கொண்டு வந்தாள். பென்சிலால் எழுதுகிறவளின் பாசம் எத்தனை நாளைக்கு? அறுபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் வந்துபோன பிறகு, அறுபதுக்கு மேல் கூடாது என்று ஒரு விதி. மூன்றாவது மாடிக்காரர் வந்துபோன பிறகு, லிஃப்ட் இல்லாத மாடி கூடாது என்று ஒரு விதி. தனி ஆள் கூடாது, காய்ச்சல் வந்தால் நாயை யார் பார்ப்பது என்று இன்னொன்று. கல்லூரிப் பெண் ஒருத்தி மாமாவின் முகவரியைத் தன் வீடென்று எழுதி மாட்டிக்கொண்டாள். அவள் தயவில் நாற்பத்து மூன்றாவது கேள்வி பிறந்தது: 'பதிவேட்டில் உள்ள முகவரியில் விண்ணப்பதாரர் உண்மையாகவே வசிக்கிறாரா? நேரில் சென்று பார்க்கப்படும். நாயும் அதே முகவரியில்தான் இருக்க வேண்டும்.'

பதினாறு பேர் வந்து பதினாறு பேரும் படியிறங்கிப் போனார்கள்.

"நாய்க்கு வீடு பாக்கறீங்களா, இல்ல மாப்பிள்ளை பாக்கறீங்களா?" என்று குப்பை வண்டிக்குக் காத்திருக்கையில் ஷியூஜின் கேட்டாள். "என் வீட்டுக்காரர எங்கப்பா இவ்ளோ விசாரிச்சிருந்தா நான் இன்னைக்கு நிம்மதியா இருந்திருப்பேன்."

"எல்லாம் நாயோட நல்லதுக்குத்தான்."

"ஆமாமா. நாயோட நல்லதுக்குத்தான் அது உங்க கட்டில்ல படுக்குது."

பீஹுய் பையை வீசிவிட்டு மேலே போய்விட்டாள்.

நவம்பர் பிறந்தது. தெருவெங்கும் தேர்தல் கொடி. அப்போதுதான் கோங் ரெய்லிங் மூச்சிரைக்க நாலு மாடி ஏறி வந்தாள். கூடவே நகரசபை வேட்பாளர் லாய் சிங்வாங். பச்சைச் சட்டைமேல் தன் பெயரைத் தானே மறந்துவிடக் கூடாதென்பதுபோல் முன்னும் பின்னும் பெரிய எழுத்தில் எழுதிய மேலங்கி. பின்னால் ஒரு புகைப்படக்காரன்.

"லாய் சார் சாய்போவைத் தத்தெடுக்கறார், அக்கா. சனிக்கிழமை கோயில் வாசல்ல விழா. டிரம் செட்டு சொல்லியாச்சு."

லாய் சிங்வாங் குனிந்து நாயைப் பார்த்தார். சாய்போ சோபாவுக்கும் பால்கனிக்கும் நடுவில் அம்புபோல் ஓடிக்கொண்டிருந்தது.

"இது அடிபட்ட நாய்தானா?"

"குணமாயிடுச்சு" என்றாள் பீஹுய்.

"அடடா" என்றார் அவர், துக்கம் விசாரிக்கிற குரலில். "கொஞ்சமாவது நொண்டாதா? ஒரு கட்டு கிட்டு கட்டிப் பாக்கலாமா? ஜனங்க மனசைத் தொடணும் பாருங்க."

பீஹுய் நாயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். லாயும் கோங் ரெய்லிங்கும் பால்கனிக்குப் போனதும் புகைப்படக்காரனிடம் மெதுவாகக் கேட்டாள்: "போன தேர்தல்ல சார் ஒரு பூனையைத் தத்தெடுத்தாரே, அது இப்போ எப்படியிருக்கு?"

அவன் நிஜமாகவே யோசித்தான். "எந்தப் பூனைங்க?"

மறுநாள் லாயின் உதவியாளர் படிவத்தைக் கொண்டுவந்தார். பீஹுய் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தாள். சொந்தக் கட்டடம், லிஃப்ட் உண்டு. வயது நாற்பத்தெட்டு. மனைவி சம்மதம், தாயார் சம்மதம், ஒவ்வொன்றிலும் முத்திரை. சிவப்பு மை, கோணல் இல்லை, மங்கல் இல்லை. நாற்பத்து மூன்று கேள்விக்கும் பதில். அவள் முப்பத்தோரு வருஷ வேலையில் குற்றமில்லாத படிவம் ஒன்றைப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள். சாய்போ கூம்பில்லாத தலையை அவள் மடியில் வைத்துக்கொண்டு படிவத்தின் ஓரத்தை மென்றது. அதை அவள் தடுக்கவில்லை.

ஆனால் நேரில் பார்ப்பது பாக்கியிருந்தது. வெள்ளிக்கிழமை காலை நாயையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு, பதிவேட்டில் இருந்த முகவரிக்குப் போனாள். இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய இரும்புக் கடை, அதற்கு மேலே மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது, உண்மைதான். அதில் ஆணி மூட்டைகள் ஏறி இறங்கின.

லாயின் சித்தி கதவைத் திறந்தாள். "சிங்வாங்கா? அவன் எங்க இங்க இருக்கான்? ஊருக்கு வெளிய புது பங்களாவுல இருக்கான். ஏழெட்டு மாசம் முன்னாடி வந்து, சித்தி, உங்க பதிவேட்டுல என்னையும் சேத்துக்கோங்கன்னான். சேத்துக்கிட்டேன். பாசக்காரப் பய."

"அவர் ரூம் எதுங்க?"

சித்தி திறந்துகாட்டினாள். கட்டில் இல்லை. பல் துலக்கும் பிரஷ் இல்லை. தரையிலிருந்து கூரைவரை கொடிகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், அவர் முகம் அச்சடித்த காகிதத் துவாலைப் பொட்டலங்கள். நூறு லாய் சிங்வாங்குகள் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தத் தொகுதியில் நிற்க வேண்டுமென்றால் நாலு மாதம் அங்கே குடியிருக்க வேண்டும் என்பது சட்டம். நூறு பேர் குடியிருந்தார்கள், நிஜம். நூறும் காகிதம்.

சாய்போ கொடிக்கட்டை மோந்து பார்த்தது. பிறகு தகடு வைத்த காலை அசையாமல் ஊன்றிக்கொண்டு, நல்ல காலைத் தூக்கி, வேட்பாளரின் மோவாய்மேல் நிதானமாக மூத்திரம் பெய்தது. பீஹுய் சித்தியிடம் மன்னிப்புக் கேட்டு, துடைத்துவிட்டு, நோட்டை எடுத்தாள். "அறுவைசெய்த கால் முழு எடையையும் தாங்குகிறது. மிகவும் திருப்திகரம்."

மத்தியானம் தேர்தல் அலுவலகத்தில் லாயும் கோங் ரெய்லிங்கும் விழா மேடைக்குப் பூ தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். பீஹுய் எதிரில் உட்கார்ந்து படிவத்தை மேசைமேல் வைத்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு, சார். கடைசிக் கேள்வியில மட்டும் ஒரு சின்ன விளக்கம். அந்த இரும்புக் கடை மாடியில நீங்க வசிக்கறீங்களா?"

"சட்டப்படி வசிக்கிறேனே."

"நல்லது. அப்போ நாயும் அங்கதான் இருக்கணும். நீங்களும். வாராவாரம் வந்து பாத்து தேதி முத்திரை போட்டு எழுதிக்குவேன், மூணு மாசத்துக்கு. இல்ல, வசிக்கலைன்னா அதையும் சொல்லிடுங்க, அப்படியே எழுதிக்கிறேன்."

லாய் கையிலிருந்த பூவைக் கீழே வைத்தார்.

"யாருக்கு எழுதுவீங்க?" என்று லாய் கேட்டார்.

"யாருக்கும் இல்லை சார். என் நோட்டுலதான். நாய் சம்பந்தப்பட்டது."

லாய் சிங்வாங் நாயைப் பார்த்தார். நாய் அவர் செருப்பைப் பார்த்தது. அவர் மூக்கைத் தொட்டுக்கொண்டார். "ரெய்லிங், சொல்ல மறந்துட்டேன். எனக்கு நாய்முடி ஒத்துக்காது. சின்ன வயசிலேர்ந்தே." சொல்லிவிட்டு, வாக்குக்கு மதிப்பு வேண்டுமே என்று ஒரு தும்மலும் தும்மினார். சனிக்கிழமை டிரம் செட்டு வந்தது. அவர் ஒரு வேப்பங்கன்று நட்டார். மரம் எங்கேயும் ஓடாது, எதிலும் மூத்திரம் பெய்யாது.

கோங் ரெய்லிங்குக்குக் கோபம் தணியவில்லை. திங்கட்கிழமை சங்கத்தின் மூன்று பதவியும் சேர்ந்து மேலே வந்தன.

"போதும் அக்கா. நடுவழின்னுதானே குடுத்தோம்? ஆறு மாசமாச்சு. ஒண்ணு யாராவது தத்தெடுக்கணும், இல்ல இன்னைக்கே மலைமேல கொட்டகைக்குப் போகணும்."

"நான் எடுத்துக்கிறேன்" என்றாள் பீஹுய். சொன்னபிறகு அவளுக்கே திக்கென்றது. நாய் கட்டில்மேல் இருந்து ஒரு காதை மட்டும் தூக்கியது.

"சந்தோஷம்." கோங் ரெய்லிங் பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். நாற்பத்து மூன்று கேள்வி, புதுப் பிரதி. "விதி எல்லாருக்கும் விதிதானே. பூர்த்தி பண்ணுங்க."

பீஹுய் பேனாவை எடுத்தாள். பொய் எழுத அந்தக் கைக்குத் தெரியாது. வயது: அறுபத்து மூன்று. மாடி: நான்கு, லிஃப்ட் இல்லை. வீட்டில் வேறு யாரும்: இல்லை. ஒவ்வொன்றும் ஒருவரைப் படியிறக்கிய விதி. பென்சில்காரியின் முகம் ஞாபகம் வந்தது. அவள் பேனா வாங்கிவருகிறேன் என்று சொல்லியிருந்தாள், பாவம். 'காரணம்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. வெகுநேரம் கழித்து 'தனியாக இருக்கிறேன்' என்று எழுதினாள். இருபத்தாறாவது விதிப்படி அதுவும் தள்ளுபடிக்குக் காரணம்.

"நாலு இடத்துல தகுதியில்லை" என்றாள் கோங் ரெய்லிங், மூன்றாம் எண் ஜன்னலின் அதே குரலில். "நீங்க எழுதினதுதான் அக்கா. நான் எழுதல. சாய்போ, வாடா."

"இருங்க" என்றாள் பீஹுய். "இன்னும் முத்திரை வைக்கலையே."

பெயர் முத்திரையை எடுத்தாள். சிவப்பு மைப்பெட்டியை மூடி திறக்காமலே ஓரமாக நகர்த்திவிட்டு, வெறும் முத்திரையைக் காகிதத்தில் ஆழ அழுத்தினாள். தூக்கிக் கண்ணாடிக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"முத்திரை மங்கலா இருக்கு. இந்த விண்ணப்பத்தை ஏத்துக்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. நிலுவை. நிலுவையில இருக்கற விஷயம் இருக்கற இடத்துலயே இருக்கணும். அதுதான் நடைமுறை."

"இது என்ன கூத்து? எவ்ளோ நாளைக்கு?"

"விண்ணப்பதாரர் நாளைக்கு வருவாங்க."

துணைத் தலைவியும் செயலாளரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நடைமுறை என்ற சொல்லைப் பெயரட்டை வைத்திருக்கும் யாராலும் எதிர்க்க முடியாது. எதிர்த்தால் பெயரட்டையே அர்த்தமற்றுப் போகும். மூன்று பதவியும் மெதுவாகப் படியிறங்கிப் போயின.

அன்றிலிருந்து தினம் காலையில் பீஹுய் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து முத்திரை வைப்பாள். பிறகு எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, பார்த்து, தலையை ஆட்டுவாள்.

"கடையில நல்ல மைப்பெட்டி வந்திருக்கு அக்கா" என்றாள் ஷியூஜின், சாயங்காலம் குப்பை வண்டிக்கு நிற்கையில். "வாங்கியாரவா?"

"வேணாம்."

"அந்தப் பென்சில் பொண்ணு கடைக்கு வந்துச்சு. சாய்போ நல்லா இருக்கான்னு கேட்டுச்சு."

பீஹுய் நாயின் கழுத்துவாரைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். "சும்மா பாத்துட்டுப் போறதுன்னா வரச் சொல்லு" என்றாள். "ஞாயித்துக்கிழமை. படிவம் எதுவும் வேணாம்."

வண்டி பாட்டோடு திரும்பியது. சாய்போ நாலு காலும் பறக்க ஷியூஜின் பையை நோக்கி இழுத்தது. பிடித்திருந்தவளும் பின்னாலேயே ஓடினாள்.