வாலுக்குப் பின்னால் ஒரு கம்பி

மழை விட்டும் விடாத ஞாயிற்றுக்கிழமைக் காலை. கலவானவுக்கு மேலே தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் நிரோஷன் குப்புறப் படுத்திருந்தான். அட்டை கடிப்பதுகூட உறைக்கவில்லை. எதிரே விழுந்து கிடந்த மரத்தில் கெஹிபெல்லா என்கிற காட்டுக்குருவி ஒன்று, நீல உடம்பும் சிவந்த அலகுமாக உட்கார்ந்திருந்தது. அதன் கண் மட்டத்துக்குக் கெமராவை இறக்கி, அது பார்க்கும் பக்கம் கொஞ்சம் இடம் விட்டு, கண்ணில் ஒளிப்புள்ளி விழும்வரை மூச்சைப் பிடித்திருந்து அழுத்தினான்.

வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டபோதுதான் கம்பி தெரிந்தது. வாலுக்குப் பின்னால், புதருக்குள், காட்டுப்பன்றிக்கு வைத்த கண்ணி. அந்தப் பக்கத்தை வெட்டினால் வாலும் சேர்ந்து போய்விடும். கண்ணி யாருடைய வேலை என்பதும் அவனுக்குத் தெரியும். சொன்னால் லைன் வீடுகளில் சண்டை. கிழமை முழுக்க டவுன் ஸ்டூடியோவில் கல்யாணக்காரர்களிடம் பேச்சு வாங்கி வருகிறவனுக்கு இது வேறா? அந்தப் புதருக்குள் யார் போகப்போகிறார்கள் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டான். பக்கத்து இலைப் பச்சையை எடுத்துக் கம்பியின் மேல் பூசினான். பறவையின் கண்ணைச் சற்று வெளிச்சமாக்கினான். படம் பளிச்சென்று ஆகிவிட்டது.

"எப்படி இருக்கு?"

துணி துவைத்து ஓய்ந்துபோயிருந்த மனைவி ஷாமிளா எட்டிப் பார்த்தாள். "நல்லாருக்குங்க" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை ஸ்டூடியோவுக்குப் போன் வந்தது. கொழுந்தெடுக்கப் போன ஷாமிளாவின் கால் அந்தப் புதர்க் கண்ணியில் மாட்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடினான். கம்பி கணுக்காலை அறுத்து நரம்பு வரைக்கும் போயிருந்தது. இனிப் பழையபடி மலையேற முடியுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டொக்டர்.

"அந்தப் பொதருக்குள்ள ஏன் போன?"

"வேற எங்க போறது? மலையில கக்கூஸா கட்டி வச்சிருக்காங்க? பொம்பளைங்க நாங்க எல்லாரும் அங்கதான் போறோம்."

இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் இதை அவன் ஒரு நாளும் கேட்டதில்லை.

"கம்பி இருந்தது எனக்குத் தெரியும், ஷாமிளா. படத்துல விழுந்திருந்துச்சு. பார்க்க அசிங்கமா இருக்குன்னு அழிச்சிட்டேன்."

அவளுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. கட்டுப்போட்ட காலையே பார்த்தபடி சொன்னாள்:

"குருவி எங்க உக்காரும், எப்ப தலையத் திருப்பும்னு எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கீங்க. நாங்க எங்க போறோம், வாறோம்னு மட்டும் தெரியல."

வார்டில் யாரோ இருமினார்கள். வெளியே மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது.

"ஆபத்தைப் பாத்துட்டு வாய மூடிக்கிட்டு இருக்கிறதும் ஆபத்து வைக்கிறதும் ஒண்ணுதான்" என்றான் கடைசியில். "இப்பவே பொலிஸுக்குப் போறேன். கெமராவுல கம்பிய அழிக்காத படம் இருக்கு, அதையும் கொண்டு போறேன். கண்ணி வச்சவன் பேரையும் சொல்லுவேன், பாத்துட்டு மறைச்சவன் பேரையும் சொல்லுவேன்."