அறுபத்திரண்டு கிலோ மாப்பிள்ளை

கல்யாணமான ஒன்பதாம் நாள் காலை, டயர்க் கடைக்காரர் தரையிலிருந்து ஒரு சாண் எழும்பி, ஹாலுக்குள் ஆடத் தொடங்கினார். அவர் ஆட்டம் குறையக் குறைய, கல்லூரியில் இயற்பியல் நடத்தும் அவர் மனைவியும் எழும்பி ஆடினாள். அவள் உச்சத்துக்குப் போனால் அவர் அடங்குவார். அவள் நின்றால் அவர் கிளம்புவார். நேர்கோட்டில் ஆடினாலாவது ஒதுங்கிக்கொள்ளலாம். கிழக்கு மேற்காக ஒரு வேகம், வடக்கு தெற்காக வேறொரு வேகம் என்பதால் இருவரும் நூல்கண்டு பிரிந்ததுபோல் வளைந்து வளைந்து போய், அலமாரி, அயர்ன் மேசை, மாமியார் என்று எதையும் விட்டுவைக்கவில்லை.

டாக்டர் வந்தார். "ஆளுக்கொரு ஊர்ல இருந்தா நின்னுடும்" என்று சொல்லிவிட்டு, குனிந்து தப்பித்துப் போனார். ஞாயிற்றுக்கிழமைக்குள் வழி பிறக்காவிட்டால் அவள் அக்கா வீட்டுக்குப் போவதென்று பெட்டியும் கட்டியாயிற்று. இத்தனைக்கும் அவர் கையை அவள் இன்னும் முழுசாக ஒரு நிமிடம் பிடித்ததில்லை.

அதனால் போகிற போக்கிலும் வருகிற வாக்கிலும் சுவரில் எழுதினாள். ஆள் இருவர், நடுவே கண்ணுக்குத் தெரியாத ஸ்பிரிங் ஒன்று, திசை இரண்டு, சமன்பாடு நான்கு. ஒருவர் ஆட்டத்தை இன்னொருவர் பறிக்காமல் சேர்ந்தே ஆடும் விதம் ஒன்று அதற்குள் இருந்தே தீரும். சனிக்கிழமை அது கிடைத்தது. இருவருக்கும் ஒரே எடை என்பதால் விடை சுலபம்: ஒரே அளவு இழுத்து, ஒரே நேரத்தில் விட வேண்டும். மாமியார் ஆளுக்கொரு கையாகப் பிடித்து ஜன்னல்வரை இழுத்து விட்டார். மூன்றாவது சுற்றில் நெற்றியோடு நெற்றி மோதியது.

கணக்கில் தப்பில்லை. ஆனால் அவர் அடங்கும்போதுகூட ஒரு விரல் அளவு ஆடிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எடை ஒன்றானால் சுத்தமாக நின்றிருக்க வேண்டுமே.

"என்னங்க, உங்க எடை எவ்வளவு?"

"முதல்ல பாத்தப்பவே சொன்னேனே. உனக்கு எவ்வளவோ அதான். அறுபத்திரண்டு."

"அது நீ பத்தாங்கிளாஸ்ல இருந்ததுடா!" என்றார் மாமியார்.

அவர் காது சிவந்தது. "உனக்குப் பிடிக்கணுமேன்னுதான்... எண்பத்தொண்ணு."

"பத்தொம்பது கிலோவை மறைச்சு என்னை அக்கா வீட்டுக்கு அனுப்பப் பாத்தீங்களே!" சிரித்த சிரிப்பில் சாக்பீஸ் கை நழுவிப் போயிற்று.

புது விடை ஒரு மணி நேரத்தில் வந்தது. கனத்தவரைக் கொஞ்சம் கூடுதலாக, அவளைக் கொஞ்சம் குறைவாக. மாமியார் சாண் போட்டு அளந்து விட்டார். இருவரும் ஒன்றாகப் போனார்கள், ஒன்றாகத் திரும்பினார்கள். அவள் கையை நீட்டினாள். பிடித்த கையும் ஒரு ஸ்பிரிங்தான், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று தெரிந்தும் அவள் சேர்க்கவில்லை.

பெட்டி பரணுக்குப் போயிற்று. மகள் பிறந்ததும் சமன்பாடுகள் ஆறாயின. வீட்டுக்கு வருகிறவர்கள் பழத்தட்டோடு திகைத்து நின்றால், மாமியார் பட்டாணி உரித்தபடியே சொல்வார்: "ஜன்னல் ஓரமா நின்னு குடுங்க. திரும்புறதுக்கு முன்னாடி அங்கதான் ஒரு நொடி நிப்பாங்க."