சாவிக்குச் சாத்திய கவசம்

சந்திரமௌலியின் கார் சாவிக்கு வெள்ளிக் கவசம் சாத்தும் வைபவம், கட்கியில் அவருடைய அக்கா கிரிஜா வீட்டுப் பூஜை அலமாரி முன்னால் நல்ல நேரம் பார்த்து நடந்தது. முன்புறம் பிள்ளையார். பின்புறம் சந்திரமௌலியின் பெயருடைய முதலெழுத்துகள். நடுவில் நாலு பக்கமும் அடைபட்டுச் சாவி. ரவிவார் பேட்டையில் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்தது. இரண்டு பொடித் திருகாணிகளை அவரே முடுக்கினார். கிரிஜா கற்பூரம் காட்டினாள்.

"பட்டன் எங்கேடா மௌலி? அமுக்க வழியே இல்லையே?"

"பட்டன் அமுக்கறதெல்லாம் அந்தக் காலம் அக்கா. சாவி பாக்கெட்ல இருந்தா போறும். வண்டிக்கு என்னைத் தெரியும்."

சாவி விஷயத்தில் அவரிடம் மறுபேச்சு கிடையாது. கராடியில், கார்த் திருட்டைத் தடுக்கும் மென்பொருள் எழுதுகிற கம்பெனியில் அவர் துணைத் தலைவர். உரிய சாவி பக்கத்தில் இல்லையென்றால் எஞ்சினை உயிர்பெற விடாத மின்னணுப் பூட்டு இருக்கிறதே, இம்மொபிலைசர், அதுதான் அவருடைய ராஜ்யம். கல்யாணத்துக்கு வந்து மாப்பிள்ளையின் பெயர் தெரியாமல் திரும்பியவர்கள் உண்டு. சந்திரமௌலியின் உத்தியோகம் தெரியாமல் திரும்பியவர்கள் இல்லை. பந்தியில் ரசம் வருவதற்குள் சொல்லிவிடுவார்.

அன்றைக்கு அக்கா மகள் வைஷுவுக்கு ரஞ்சன்காவில் ஒரு கார்த் தொழிற்சாலையில் நேர்காணல். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்து, விண்ணப்பம் போட்டுப் போட்டு, முதல் தடவையாக ஒரு நல்ல இடத்தில் கூப்பிட்டிருந்தார்கள். பத்து மணிக்கு மேல் வந்தால் உள்ளே விடமாட்டோம் என்று ஃபோனிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அவள் வாகோலி வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று என்று திட்டம் வைத்திருந்தாள். மாமா அதைக் கலைத்தார்.

"பஸ்ல போய்க் கசங்கி இறங்கினா எவன் மதிப்பான்? என் வண்டில வா. அந்தப் பிளான்ட்ல பெரிய தலைங்க எல்லாம் என் லெக்சருக்கு வந்தவா."

கவசத்துக்காக முதல் பஸ்ஸும், காபிக்காக இரண்டாவதும் போயின. பரவாயில்லை, கார் இருக்கிறதே.

கார் சந்தில் நாலு கதவையும் திறந்துகொண்டு நின்றது. உள்ளே இருக்கைகளைப் போகிற வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று சந்திரமௌலிதான் திறந்து வைத்திருந்தார். வைஷு ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். அவர் பிரேக்கை மிதித்து, ஸ்டார்ட் பொத்தானை ஒற்றை விரலால், வீணையை மீட்டுகிற மாதிரி தொட்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. சாவியைக் காணவில்லை என்று திரையில் எழுத்து வந்தது.

பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்துத் திரைக்கு நேராகக் காட்டினார். திரை அசரவில்லை. பொத்தானோடு ஒட்டவைத்துப் பார்த்தார். இறங்கினார், ஏறினார். கதவுகளைச் சாத்தித் திறந்தார். கவசத்தை ஒருமுறை கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பக்கத்து வீட்டு இஸ்மாயில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவர் வந்து எட்டிப் பார்த்தார். "க்யா ஹுவா சாப்? பேட்டரியா?"

"புது வண்டி பாய். பேட்டரியா போகும்?" சந்திரமௌலி சந்தின் கோடியைப் பார்த்தார். அங்கே ராணுவ வெடிமருந்துத் தொழிற்சாலையின் மதில் தெரிந்தது. அவர் முகம் தெளிந்தது. "ஜாமர்!"

"என்னது?"

"உள்ள மிலிட்டரி ஜாமர் போட்டிருக்கான். சிக்னலை அடிக்கறது. சாவிக்கும் வண்டிக்கும் நடுவுல பேச்சே நடக்கலை."

அந்தத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தே ஓய்வு பெற்ற அக்கா கணவர் மகாதேவன் பயபக்தியோடு மதிலைப் பார்த்தார். "அப்படியா மௌலி? இத்தனை வருஷம் உள்ள இருந்தேன், எனக்குத் தெரியவே இல்லை பாரேன்."

"தெரிஞ்சா அது ஜாமர் இல்லை அத்திம்பேர்."

"அரே சாப், எதிர்வீட்டு ஜாதவ் கார் இப்பத்தானே போச்சு?" என்றார் இஸ்மாயில்.

"அது பழைய மாடல். அதுக்கு மூளை கிடையாது."

"நம்ம ஆட்டோவுக்கும் மூளை கிடையாது. ஆனா போகும். பாப்பாவை வாகோலியில விட்டுட்டு வரட்டா?"

"வேண்டாம் பாய். ஜாமரை விட்டு விட்டுத்தான் போடுவான். இதோ நின்னுடும்."

வைஷு கடிகாரத்தைப் பார்த்தாள். மாமாவின் முகத்தைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்ப்பது மரியாதை இல்லையோ என்று கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டாள். இரண்டு முறை, "மாமா, நான் வேணா..." என்று ஆரம்பித்தாள். இரண்டு முறையும் அவர் கையை உயர்த்தினார். வண்டியை ஜாமர் எல்லைக்கு அப்பால் தள்ளலாமா என்று மகாதேவன் கேட்டார். ஆட்டோமேட்டிக் வண்டி, சக்கரம் பூட்டிக்கொண்டிருக்கிறது, யானை வந்தாலும் நகராது என்று சந்திரமௌலி பெருமையோடு சொன்னார். இதற்குள் இஸ்மாயிலுக்கு ஸ்டேஷன் சவாரி வந்து, அவர் போய்விட்டார்.

கடைசியில் மகாதேவன் உள்ளே போய் ஸ்கூட்டர் சாவியை எடுத்து வந்தார். வைஷு இறங்கி, அப்பாவின் பின்னால் உட்கார்ந்து, ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ரஞ்சன்காவ் ஸ்கூட்டரில் போகிற தூரமில்லை. போனார்கள்.

சந்திரமௌலி காருக்குள் உட்கார்ந்து கார் கம்பெனியின் உதவி எண்ணை அழைத்தார். பதிவு செய்த பெண் குரல் வந்தது. இந்தியில், குழந்தைக்குச் சொல்கிற பொறுமையோடு, முதல் கேள்வி கேட்டது: "உங்கள் சாவி ஏதாவது உலோகப் பெட்டியிலோ உலோக உறையிலோ இருக்கிறதா?"

அவர் அழைப்பைத் துண்டித்தார்.

அந்தக் கேள்வியை அங்கே வைக்கச் சொன்னவரே அவர்தான். உதவி எண்ணுக்கான கேள்விகளை அவருடைய குழுதான் எழுதிக் கொடுத்தது. இது கடைசியில் இருந்தது. ஜனங்கள் முட்டாள்கள், இதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று அவர்தான் மேலே ஏற்றினார். திருடன் சாவியின் அலையைப் பிடிக்காமல் இருக்க ராத்திரி அதைத் தகர டப்பாவில் போட்டு மூடுங்கள், ஒரு அலை வெளியே வராது என்று மேடைக்கு மேடை சொல்லிவருபவரும் அவரே. டப்பாவுக்குப் பிள்ளையார் முகம் இருந்ததில் அடையாளம் தெரியாமல் போயிற்று.

கிரிஜாவிடம் சின்னக் கத்தி கேட்டு வாங்கித் திருகாணிகளைக் கழற்றினார். அவசரத்தில் ஒன்று சாக்கடையில் விழுந்தது. கவசம் நீங்கிய சாவியோடு பொத்தானைத் தொட்டார். வண்டி உடனே உறுமியது.

"ஜாமர் நின்னுடுத்தா?" என்றாள் கிரிஜா.

"ம்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

நகர் ரோடு நெடுஞ்சாலையில் வாகோலி நெரிசலில் மாட்டி, அவர் ரஞ்சன்காவ் போய்ச் சேர்ந்தபோது தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஸ்கூட்டர் நின்றது. வைஷு அதில் சாய்ந்திருந்தாள். அழுது முடித்துவிட்ட முகம். கேட் மூடிப் பத்து நிமிஷம் கழித்து வந்திருக்கிறார்கள். தலையிலிருந்து கால்வரை புழுதியாக இருந்த மகாதேவன் எழுந்து வந்து முதலில் கேட்டது: "வண்டி சரியாயிடுத்தா மௌலி? பாவம், தனியா என்ன பண்றயோன்னு நினைச்சிண்டே வந்தேன்."

மரத்தடி டீக்கடைக்காரரிடம் மகாதேவன் ஏற்கெனவே எல்லாம் சொல்லியிருந்தார் போலிருக்கிறது. "இவர்தான் நான் சொன்ன மச்சினன். பெரிய சயின்டிஸ்ட். இவர் காரையே மிலிட்டரி நிறுத்திடுத்து."

சந்திரமௌலிக்குக் காது சுட்டது.

"ஜாமரும் இல்லை, ஒண்ணும் இல்லை அத்திம்பேர். வெள்ளிக் கவசம் சிக்னலை மறைச்சுடுத்து. தப்பு என்னோடது. என்னாலதான் இவ லேட்."

மகாதேவன் சிரித்தார். தோளைத் தட்டினார். "எங்க மனசு கஷ்டப்படக்கூடாதுன்னு பழியை நீ ஏத்துக்கறே. எனக்குத் தெரியாதா? சாவி விஷயத்துல நீயாவது, தப்பு பண்றதாவது!" டீக்கடைக்காரரிடம் திரும்பினார். "பாத்தேளா, என்ன குணம்!"

இத்தனை வருஷம் தன்னைப் பற்றித் தானே கட்டிய கோட்டையில், உள்ளே இருந்து கதவைத் திறக்க முடியாது என்று சந்திரமௌலிக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நான் நம்பறேன் மாமா" என்றாள் வைஷு. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "இதையே அவா கிட்ட சொல்லுவேளா? உள்ள உங்களைத் தெரிஞ்சவா இருக்கான்னேளே."

தெரிந்தவர்கள் இருந்தார்கள். அதுதான் விஷயம். போன மாதம் அவருடைய சொற்பொழிவுக்குக் கை தட்டியவர்கள். எதைச் சொல்லலாம் என்று அவர் மனம் நாலு பக்கமும் ஓடியது. டயர் பஞ்சர். வயிற்றுவலி. ஒரு மரணம்கூட வந்துபோனது. வைஷு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். துப்பட்டாவில் ஸ்கூட்டரின் கிரீஸ் கறை.

அவர் காவலர் கூண்டுக்குப் போய், தொழிற்சாலையின் மூத்த மேலாளரான குல்கர்னியோடு பேச வேண்டும் என்றார். காவலர் இன்டர்காமைக் கொடுத்தார்.

"சந்திரமௌலி சார்! என்ன ஆச்சரியம்!"

அவர் இந்தியும் ஆங்கிலமுமாகச் சொன்னார். அக்கா மகள் புறப்படத் தாமதிக்கவில்லை. நான்தான் என் காரில் அழைத்து வருகிறேன் என்று பஸ்ஸைத் தடுத்தேன். கார் கிளம்பவில்லை. இம்மொபிலைசர் விடவில்லை. சாவியை நானே வெள்ளியில் மூடியிருந்தேன். இல்லாத ஜாமரைக் காரணம் சொல்லிப் பெண்ணைக் காக்க வைத்தேன்.

காவலர் கன்னத்தை உள்ளே இழுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். மறுமுனையில் குல்கர்னி இருமினார். இருமல் நீண்டது.

"பெண்ணை அனுப்புங்க சார். கடைசி ஆளாப் பார்க்கச் சொல்றேன். வேலைக்கு நான் பொறுப்பில்லை, அவங்க பதிலைப் பொறுத்தது."

சின்னக் கதவு திறந்தது. வைஷு கிரீஸ் கறை தெரியாமல் துப்பட்டாவை மடித்துப் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடந்தாள். சந்திரமௌலி இன்டர்காமை வைக்கப் போனார்.

"சார், சார், வெச்சுடாதீங்க. ஸ்பீக்கர்ல போடறேன். நம்ம கார் செக்யூரிட்டி டீம் மொத்தமும் ரூம்ல இருக்கு. என்ன மெட்டல்னு சொன்னீங்க?"

அறையில் நாற்காலிகள் நெருங்கி நகரும் சத்தம் கேட்டது. சந்திரமௌலி மூடாத சின்னக் கதவின் வழியே வைஷு கட்டடத்துக்குள் நுழைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.